முள் இறங்குகிறதா

முள் கோட்டில்தான் நிற்கிறது. நிற்கிறதா? நிற்கிறது. அழுத்தம் காட்டுகிற கேஜ் கண்ணாடியின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகூடத் தெரியவில்லை, ஆனால் தலையை இடப்பக்கம் சாய்த்தால் முள் இறங்கிவிடுகிறது, வலப்பக்கம் சாய்த்தால் ஏறிவிடுகிறது, ஆக இந்தக் கோல்டு ரூமின் தலையெழுத்து என் கழுத்தில் இருக்கிறது. நேராக உட்கார் சோலையப்பா. ஒரு மணி நேரம் முள் அசையாமல் நின்றால் குழாயில் எங்கும் ஓட்டை இல்லை, அறையைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருளான புதுக் காயிலுக்குக் காலையில் நான் நெருப்பில் வைத்த இரண்டு ஒட்டும் சுத்தம், அப்புறம் உள்ளே இருப்பதை உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டுக் கேஸ் போடலாம், சாயங்காலத்துக்குள் அறை குளிர்ந்துவிடும், வெளியே தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸைக் கட்டிக்கொண்டு கிடக்கிற இட்லி மாவு பாக்கெட்டெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிடும். முள் இறங்கினால்? இறங்கினால் என்ன ஆகும் என்று இப்போது யோசிக்க வேண்டாம். குழாய்க்குள் இப்போது இருப்பது வெறும் நைட்ரஜன். நாம் மூச்சு விடுகிற காற்றில் முக்கால்வாசிக்கு மேல் அதுதான் என்கிறார்கள். எங்கே பார்த்தாலும் இருக்கிற ஒன்றைப் பிடித்து சிலிண்டரில் அடைத்து, இங்கே கொண்டுவந்து குழாயில் அடைத்து, அது வெளியே இருக்கிற தன் கூட்டத்தோடு போய்ச் சேருகிறதா என்று ஒரு மனுஷன் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். விசிறி ஓடாத கோல்டு ரூமில் எவ்வளவு அமைதி. சுவரெல்லாம் வேர்க்கிறது. குளிர் போனதும் அத்தனை நாளும் அடங்கிக் கிடந்த புளித்த வாசனை எழுந்து வந்திருக்கிறது, மூக்குக்குப் பழகிவிட்டது போல இருக்கிறது, அடுத்த மூச்சில் மறுபடியும் புதிதாக அடிக்கிறது. மூக்கு எதை வைத்து இது பழையது இது புதியது என்று முடிவு செய்கிறது?

கண்ணாடி மாத்திட்டீங்களாண்ணே என்று கேட்டானே சௌந்தரபாண்டி. இந்த மாவுக் கம்பெனியின் முதலாளி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், நல்ல பையன். காலையில் நான் ஏணியில் ஏறும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். மாத்திட்டேன் தம்பி, போன மாசம்தான் என்றேன். சரிண்ணே, சும்மா கேட்டேன் என்றான். சும்மா யாராவது அடுத்தவன் மூக்குக்கண்ணாடியைப் பற்றிக் கேட்பார்களா? என்ன மனுஷன்யா நீ, போன ஆயுத பூசைக்கு முன்னால் போட்ட காயில் அதுக்குள்ள கேஸைக் கக்கிருச்சு, உன் ஒட்டு லட்சணம் இதுதானா என்று சட்டையைப் பிடித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முந்தின காயில் ஏழு வருஷம் ஓடியது, அதுவும் நான் போட்டதுதான், அதே நெருப்பு, அதே வெள்ளிக் கம்பி, அதே கை. அதே கையா? அன்றைக்கு அதைப் போட்ட கையும் இந்தக் கையும் ஒன்றுதானா? காபி டம்ளரைப் பிடிக்கும்போது இந்தக் கை நடுங்குவதில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது நடுங்குகிறது, ஆனால் ஊசியில் நூல் கோக்கும்போது எல்லாருக்கும்தான் நடுங்கும். எல்லாருக்கும் நடுங்குமா? யாரையும் கேட்டதில்லை. மச்சினன் தெற்கு மாசி வீதியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான், மாமா, வெயில்ல அலையாம கல்லாவுக்குப் பின்னாடி வந்து உக்காருங்க, விசிறிக் காத்து, மணிக்கு ஒரு டீ என்று மூன்று தீபாவளியாகக் கூப்பிடுகிறான். போன வாரம் சௌந்தரபாண்டி போன் பண்ணி, காயில் மறுபடி ஒழுகுதுண்ணே என்று சொன்ன அன்றைக்கு ராத்திரி நான் என் மனைவியிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை என் ஒட்டில் கோளாறு என்று தெரிந்தால் நெருப்பைக் கீழே வைத்துவிடுகிறேன், உன் தம்பி கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்று. அவள் சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். கொஞ்சமாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நெருப்பைப் பார்க்க முடியாது. அதுதான் எனக்குத் தாங்காது, வேறு ஒன்றும் இல்லை. செம்புக் குழாயைச் சுற்றி நெருப்பைக் காட்டக் காட்ட முதலில் கறுக்கும், அப்புறம் ஒரு மாதிரி ஊதா ஓடும், அப்புறம் உள்ளேயிருந்து விடிகிற மாதிரி சிவப்பு வரும், அந்தச் சிவப்பு வந்ததும் கம்பி நுனியைத் தொட்டால் போதும், கம்பி உருகி இரண்டு குழாய்க்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் தானாக ஓடிப் போய்விடும். மேலே இருந்தாலும் ஓடும், கீழே இருந்தாலும் ஓடும், தலைகீழாக வைத்தாலும் சூடு எங்கே அதிகமோ அங்கே ஓடும். முப்பது வருஷம் பார்த்தாயிற்று, இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது, தண்ணீர் மாதிரி கிடக்கிற ஒன்று மேல் நோக்கி ஏன் ஏறுகிறது? சூட்டில் அதற்கு என்ன வேலை? இந்த அறையே அப்படித்தானே. குளிர் என்று ஒன்றை நாங்கள் யாரும் உள்ளே கொண்டுவருவதில்லை. காயிலுக்குள் கேஸ் கொதிக்கிறது, கொதிக்கச் சூடு வேண்டும், அந்தச் சூட்டை மாவிலிருந்தும் காற்றிலிருந்தும் சுவரிலிருந்தும் அள்ளிக்கொண்டு போய் மொட்டை மாடியில் கொட்டுகிறது, மிச்சம் இருப்பதைத்தான் குளிர் என்கிறோம். காலையில் அந்தச் சிவப்பு எனக்குச் சரியாகத் தெரிந்ததா? தெரிந்தது. தடிக் குழாய் ஒட்டில் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது, அங்கே நெருப்பை வளைத்துக் கொண்டுபோனபோது நான் ஒட்டைப் பார்த்தேனா, கையைப் பார்த்தேனா? நடுங்குகிறதா நடுங்குகிறதா என்று கையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி ஒரு ஞாபகம். குழாய் உருகிவிடப்போகிறது என்று நெருப்பைச் சட்டென்று எடுத்தேன். சட்டென்றுதான் எடுத்தேன். எவ்வளவு சட்டென்று? முள் கோட்டில்தான் நிற்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் பழைய காயிலை நான் இன்னும் பார்க்கவே இல்லை. கழற்றினேன், தூக்கினேன், பின்வாசல் வெயிலில் சாய்த்துவைத்தேன், ஆனால் பார்க்கவில்லை. நானா இப்படி? எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் தூங்கமாட்டேன். தங்கச்சி கல்யாணத்தன்று மண்டபத்து மைக் செட் கரகரவென்றதும் மணமேடையை விட்டு இறங்கிப்போய் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டவன், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அண்ணன் எங்கே என்று தேடினார்கள். வீட்டில் மிக்ஸியை என் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிறார்கள், ஓடுகிற மிக்ஸியை. அப்படிப்பட்டவன் காலையிலிருந்து மூன்று தடவை அந்தக் காயிலைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன், மூன்று தடவையும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே. ஓட்டை இருக்கிற இடத்தில் எண்ணெய் கசிந்து பிசுபிசுவென்று இருக்கும், ஒரு பார்வை போதும். பயம். பயம்தான், வேறென்ன. ஆனால் ஒன்று. கழற்றும்போது என் பழைய ஒட்டுகளை விட்டு இரண்டு விரல் தள்ளி வெட்டினேன். ஒட்டின் மேலேயே நெருப்பைக் காட்டி உருவியிருந்தால் வேலை சுலபம், தள்ளி வெட்டினதால் ஒட்டு இரண்டும் பழைய காயிலோடேயே இருக்கின்றன, அப்படியே, முழுசாக. ஏன் தள்ளி வெட்டினேன்? மனசுக்குள் இருக்கிற இன்னொரு சோலையப்பன், மிக்ஸி பிரிக்கிறவன், எனக்குத் தெரியாமல் அந்த இரண்டு விரலை அளந்து கொடுத்திருக்கிறான். அவன் இப்போது எழுந்திரு என்கிறான். முள் நீ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதன் வேலையைச் செய்யும் என்கிறான். எழுந்துவிட்டேன். காலில் எறும்பு ஊறுகிறது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிறேன்.

வெயில் கண்ணைக் குத்துகிறது. பழைய காயிலின் ஒரு வாயை நசுக்கி மடக்கியாயிற்று, மறுவாயில் டியூபைச் செருகிக் கிளிப் போட்டாயிற்று, நைட்ரஜனை மெல்லத் திறந்தாயிற்று, சோப்பு நுரையை பிரஷ்ஷில் எடுத்தாயிற்று. முதலில் மெல்லிய குழாய் ஒட்டு. நுரை உட்கார்ந்திருக்கிறது. ஒரு குமிழி வருகிறதா? அது பிரஷ் விட்ட குமிழி, உடைந்துவிட்டது. வேறு இல்லை. தடிக் குழாய் ஒட்டு. சுற்றிலும், பின்பக்கமும், மறுபடியும் பின்பக்கம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை! நுரைக்கு அடியில் ஒட்டு ஒரே வளையமாக, மோதிரம் மாதிரி. ஆனால் எங்கேயோ உஸ்ஸென்று சத்தம் வருகிறதே, மடக்கின வாயா, இல்லை, அந்தப் பக்கம், காயிலின் ஓரத்தில் குழாய்கள் வரிசையாக வளைந்து திரும்புகிற பக்கம். நுரையை அள்ளி அப்புகிறேன். மூன்றாவது வளைவில் குமிழி, ஐந்தாவதில் இரண்டு, கீழே ஒரு வளைவு சின்னச் சின்னதாகப் பொரிகிறது, ஊசிமுனையால் குத்திக் குத்தி வைத்த மாதிரி. இது காயில் செய்கிற கம்பெனியிலேயே ஒட்டி வருகிற வளைவு, நான் தொட்ட இடமே இல்லை. என் கை இல்லை. என் கை இல்லைடா! வெயிலில் தனியாக நின்று சிரிக்கிறேன், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், நினைக்கட்டும். சரி, என் கை இல்லை, அப்படியானால் யார்? எது? குனிந்து பார்த்தால் வளைவெல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஒரு வருஷம் ஈரத்தில் கிடந்த செம்பு கறுத்து, பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கவேண்டும். இது நேற்று வாங்கின அண்டா மாதிரி ரோஜா நிறத்தில் சிரிக்கிறது. வளைவு தகட்டுக்குள் நுழைகிற மூலையில் மட்டும் பழுப்பாக ஏதோ அப்பிக் கிடக்கிறது, நார் நாராக. நகத்தால் சுரண்டினேன். மோந்து பார்த்தேன். மாவு வாசனை இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், வைத்திருக்கக்கூடாது, கேஸும் எண்ணெயும் பட்ட சாமான், ஆனால் வைத்துவிட்டேன். புளி. உப்பும்.

பஞ்சவர்ணம் டீ டம்ளரோடு வந்து நின்றாள். இந்தக் கம்பெனியில் கழுவுவது துடைப்பது எல்லாம் அவள்தான், போன வருஷம் தை மாதம் வந்து சேர்ந்தவள், அவள் வந்த பிறகு கிரைண்டர் கல்லில்கூட முகம் பார்க்கலாம். நான் காயிலைக் காட்டி, ஏம்மா, இது எப்படி இம்புட்டுப் பளபளப்பா இருக்கு என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தாண்ணே தேச்சேன். தண்ணி வடியலைன்னு ஒரு தடவ நீங்க அந்தப் பக்கத்து மூடியத் தெறந்தீகள்ல, அப்பப் பாத்தேன், நல்ல செம்பு, கறுத்துப்போயிக் கெடந்துச்சு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை எல்லா மிஷினுக்கும் பொட்டு வைக்கிறோம், இது மட்டும் இப்புடிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? ஒரு காச வச்சுத் திருகுனா மூடி வந்துருது. புளியும் உப்பும் போட்டு வாரா வாரம் தேச்சிருவேன்." தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாயா என்றேன். "அய்யய்யோ, கரண்டுல போயித் தண்ணி ஊத்துவாங்களா? துணியாலதான் தொடச்சேன்." சொல்லிவிட்டு, "புதுசையும் தேச்சு வைக்கவாண்ணே?" என்றாள். நான் டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. புளி செம்பைத் தின்னுரும்மா என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எங்க வீட்டுச் செம்புக் கொடத்த நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து புளி போட்டுத்தான் தேய்க்கிறேன். ஓட்டையா விழுந்துச்சு?" நல்ல கேள்வி. அந்த நிமிஷத்தில் எனக்கு அவளைவிட அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. ஏன் குடத்தில் ஓட்டை விழவில்லை? குடத்தின் தகடு தடிமன். அது சரி, அது மட்டும்தானா? "கொடத்தத் தேச்சிட்டு என்ன செய்வ?" "கழுவிக் கவுத்துவேன்." "இத?" அவள் காயிலைக் குனிந்து பார்த்தாள். புளியும் உப்பும் அந்த மூலையில் ஈரத்தோடு உட்கார்ந்து ஒரு வாரம் தின்கிறது, தின்று முடிக்குமுன் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. அவள் உட்கார்ந்து, நுரை பொரிகிற வளைவை விரலால் தொட்டாள், விரலை எடுத்ததும் மறுபடி குமிழி வந்தது. "அப்ப நான்தான் இதக் கெடுத்தேனா?" என்றாள். "மொதலாளி உங்களத்தானண்ணே நெனச்சுக்கிட்டு இருக்காரு." கொஞ்ச நேரம் முன்னால் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இவள் தலையில்தான் விடியப்போகிறது என்று தெரியாமல் சிரித்திருக்கிறேன்.

"சோலைண்ணே, முள்ளு எறங்கியிருக்கு." உள்ளேயிருந்து சௌந்தரபாண்டியின் குரல். டீயை ஒரே மடக்கில் விழுங்கி டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். இறங்கித்தான் இருக்கிறது. கழுத்தை எப்படி வைத்துப் பார்த்தாலும் இறங்கித்தான் இருக்கிறது, கோட்டுக்குக் கீழே அரை விரல். நுரை போட்டேன், எங்கே போடவேண்டும் என்று எனக்குத் தெரியும், தடிக் குழாய், பின்பக்கம், சுவரை ஒட்டி. ஒரே ஒரு குமிழி, அவசரமே இல்லாமல் பெரிதாகிக்கொண்டு வந்தது. என் ஒட்டு. பழையதில் குற்றமில்லை என்று நிரூபித்து முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை, புதியதில் கோட்டை விட்டிருக்கிறேன். "போன தடவையும் இந்த எடந்தானாண்ணே?" என்று கேட்டான் சௌந்தரபாண்டி, மெதுவாக, நோகாமல். கதவருகே பஞ்சவர்ணம் காலி டம்ளரை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிற்கிறாள், துடைத்ததையே துடைக்கிறாள். வாயைத் திறந்தால் போதும், புளி என்று ஒரு வார்த்தை. ஆனால் கண் முன்னால் ஒழுகுகிற ஒட்டை வைத்துக்கொண்டு பழைய ஒட்டுக்கு நான் எப்படி நியாயம் பேசுவது, அதுவும் இவளைக் காட்டிக்கொடுத்து? "போன தடவ வேற எடம் தம்பி. இது என் ஒட்டு. காலையில சரியாச் சூடு காட்டல." "வேற எடம்னா?" "பெறகு சொல்றேன்." சரிண்ணே என்றான். அந்தச் சரியில் கொஞ்சமும் சரி இல்லை. அவமானமாக இருந்தது, பிடரியெல்லாம் சுட்டது. நைட்ரஜனைத் திறந்துவிட்டேன், இருந்ததெல்லாம் சீறிக்கொண்டு தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது.

நெருப்பு. இந்தச் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்காது, அது ஒரு நிம்மதி. பின்பக்கத்தைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்றை இடது கையில் பிடித்திருக்கிறேன், கண்ணாடியில் ஒட்டு தெரிகிறது, கறுக்கிறது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நீலம் நகர்கிறது, பஞ்சவர்ணத்தின் சேலை. அவள் சௌந்தரபாண்டியைப் பின்வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறாள். போகிறாள், பழைய காயிலிடம். அவன் குனிகிறான் போல. சொல்கிறாளா? என்ன சொல்கிறாள்? அவன் கையைத் தலையில் வைத்தானா, தலையைச் சொறிந்தானா? கண்ணாடியை ஒரு நூல் திருப்பினால் முழுசாகத் தெரியும், அவன் முகம், அவள் முகம், எல்லாம். என் பிறவியில் எதையும் பார்க்க இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஒரு நூல்தான். திருப்பவில்லை. ஊதா ஓடுகிறது. அவளை வேலையை விட்டுப் போகச் சொல்கிறானா? பொறு. இன்னும் பொறு. சூடு பின்னால் வரட்டும். இதோ சிவப்பு, கண்ணாடிக்குள்ளும் வெளியேயும், இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு, அட, எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. கம்பியைத் தொட்டேன். உருகி, ஒரு கணம் தயங்கி, பின்பக்கமாக ஓடியது, கண்ணாடியில் அது வளைந்து வந்து தன் வாலைத் தானே பிடிக்கிறதைப் பார்த்தேன். எப்படித்தான் அதற்கு வழி தெரிகிறதோ. கை நடுங்கியதா? பார்க்க மறந்துவிட்டேன்.

நெருப்பை அணைத்ததும் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி. சௌந்தரபாண்டி உள்ளே வந்து நிற்கிறான். "அக்கா சொல்லுச்சுண்ணே" என்றான். அப்புறம், "ஒரு வாரமா உங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்." "இன்னிக்குத் திட்டுனது மட்டும் சரிதான் தம்பி" என்றேன். அவன் சிரித்துவிட்டான், கோபம் இன்னும் மிச்சம் இருக்கிற சிரிப்பு, அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வெளியே திரும்பி, "அக்கா, நின்னது போதும், ஐஸு பத்துமான்னு பாருங்க, மொதல்ல அந்த மூலப் பெட்டியப் பாருங்க" என்று கத்தினான். நான் நைட்ரஜனை ஏற்றிப் புதுக் கோடு போட்டேன். "கேஸப் போட்டுருவோம்ணே" என்றான். ஒரு மணி நேரம் முள்ளைப் பார்க்கணும் தம்பி என்றேன். "நீங்க ஒட்டுனதுதான? போடுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்ல, பாத்துட்டே போடுவோம் என்றேன். அவன் போன பிறகு பஞ்சவர்ணம் வந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "நீங்க காலையிலேருந்து சாப்பிடல. போயிச் சாப்பிடுங்க, நான் பாக்குறேன். எறங்குனா ஒரு சத்தம் குடுக்குறேன்" என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே கிரேட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து தட்டில் போட்டுக்கொண்டேன். எலுமிச்சம் சாதம், உருளைக்கிழங்கு. ஒவ்வொரு வாய்க்கும் மெல்லுவதை நிறுத்திக் காதைக் கொடுக்கிறேன். தெருவில் ஷேர் ஆட்டோ, யாரோ பெட்டியை இழுக்கிற சத்தம், மாடியில் ஒரு காக்காய். இரண்டாம் தடவையும் சாதம் போட்டுக்கொண்டேன், எவ்வளவு மெதுவாகச் சாப்பிட முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டேன், டப்பாவைக் கழுவினேன், தட்டைக் கழுவினேன், கையைக் கழுவினேன். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, பஞ்சவர்ணம் கூப்பிடவில்லை.